கைப்பிடிக்கு மேலே ஒரு மீன்

என் ஓரகத்தியைப் பற்றி நான் உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஒரே அடுப்படியில் இரண்டு மருமகள்கள் என்றால் சும்மாவா? நான் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மறுபடி கழுவுவாள். நான் மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பாள். கேட்டால், "ஓரம் சரியா வரலடி" என்பாள். ஓரமாம் ஓரம்! உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாத வீட்டில் துணியின் ஓரத்தை யார் வந்து அளக்கப் போகிறார்கள்?

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. எனக்குப் பத்து வயது மூத்தவள். நான் அக்கா என்பேன், என் கணவர் அண்ணி என்பார். வேலை செய்யும் இடத்தில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் ஸ்டிக்கர் அக்கா. குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடுகளைச் சுத்தம் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. தரையைத் தேய்க்கவும் கழிவறை கழுவவும் வேறு பெண்கள் உண்டு. இவளுக்குக் கண்ணாடி மட்டும்தான். ஜன்னல், பால்கனிக் கதவு, அலமாரிக் கதவு, முகம் பார்க்கும் கண்ணாடி, எதில் யார் எதை ஒட்டிவிட்டுப் போயிருந்தாலும் அதை எடுக்க இவளைத்தான் கூப்பிடுவார்கள்.

இந்தக் கை அவளுக்குச் சின்ன வயதிலேயே வந்தது. பழைய பாட்டில் வாங்கிக் கழுவி விற்கிற ஒரு கிடங்கில் அவளுடைய அம்மாவுக்கு வேலை. அம்மாவோடு போய், வெந்நீர்த் தொட்டியில் ஊறிய பாட்டில்களின் லேபிளை உரிப்பதுதான் இவளுக்கு விளையாட்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய இவள் விரல்களைப் பார்த்துவிட்டு, "தண்ணிப் பேய்" என்று கூப்பிடுவார்களாம். இதைச் சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

அவள் பையில் பெரிய ஆயுதம் ஒன்றும் இருக்காது. தலைமுடி உலர்த்தும் டிரையர், ஒரு குப்பியில் சமையல் எண்ணெய், இன்னொன்றில் சோப்புத் தண்ணீர், பிடி போட்ட பிளேடு, காலாவதியான பேங்க் கார்டு, கொஞ்சம் ஸ்பிரிட், கிழிந்த பனியன் துணிகள். வருஷக்கணக்கில் வெயிலில் காய்ந்து கண்ணாடியோடு கண்ணாடியாகிப்போன ஸ்டிக்கருக்கு முதலில் சூடு காட்டுவாள். அப்புறம் மூலையை நகத்தால் தூக்கி, படுக்கை வாட்டில் மெதுவாக இழுப்பாள். வெடுக்கென்று இழுத்தால் காகிதம் மட்டும் கையோடு வரும், பசை அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பசைக்கு எண்ணெய் தடவிவிட்டு, போய்க் காபி குடித்துவிட்டு வருவாள். "நாம அவசரப்பட்டா அது அவசரப்படுமா?" என்பாள். ஊறியதைக் கார்டால் வழிப்பாள். அதற்கும் மசியாவிட்டால்தான் பிளேடு, அதுவும் சோப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட, நன்றாகச் சாய்த்துப் பிடித்து. காய்ந்த கண்ணாடியில் பிளேடு வைக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. ஒரு மணல் துகள் நடுவில் மாட்டினால் போதும், கீறல் ஜென்மத்துக்கும் போகாது. முகம் பார்க்கும் கண்ணாடி என்றால் துணியில்தான் ஈரம், நேரே தெளிக்க மாட்டாள். ஓரத்தில் ஈரம் இறங்கினால் பின்னால் இருக்கும் ரசப்பூச்சு கறுத்துவிடும்.

கடைசியில் ஸ்பிரிட் துணியால் ஒரு துடைப்பு. அதற்கும் பிறகுதான் அவளுடைய பரீட்சை. கண்ணாடிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய் "ஹா" என்று ஊதுவாள். எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் சரி, மயிரிழை அளவு பசை மிச்சமிருந்தால் போதும், மூச்சுப் பட்ட இடத்தில் போன ஸ்டிக்கரின் உருவம் அப்படியே எழுந்து நிற்கும். நட்சத்திரம் என்றால் நட்சத்திரம், பூ என்றால் பூ. மூச்சு உலர்ந்ததும் மறையும். உருவம் தெரிகிறவரை மறுபடி எண்ணெய், மறுபடி ஸ்பிரிட். ஊதினால் வெறும் வெள்ளைப் புகை மட்டும் தெரிகிற வரைக்கும் அவள் விடமாட்டாள். அவள் புருஷன், அதாவது என் மூத்தார், லாரி ஓட்டுகிறவர், இதை வைத்துக் கிண்டல் செய்வார். "இவ பக்கத்துல தூங்கவே பயமா இருக்கு. முழிச்சுப் பாத்தா என் மச்சத்தை எடுத்திருப்பா" என்பார்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு தடவை தங்கியது, இரண்டு தடவையும் நிற்கவில்லை. அதைப் பற்றி அவளும் பேச மாட்டாள், நாங்களும் கேட்க மாட்டோம். எனக்கு ஒரு பெண் பிறந்தாள். குட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். நான் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன், காலையில் போனால் மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் வருவேன். குளிப்பாட்டியது, தலை பின்னியது, சோறு ஊட்டியது எல்லாம் பெரியம்மாதான். அந்தப் பெண் முதலில் சொன்ன வார்த்தையும் 'பெம்மா'தான். எனக்குப் பொறாமையாக இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

காலி வீடுகளில் பிள்ளைகள் பாதி ஒட்டிவிட்டு விட்டுப்போன ஸ்டிக்கர் அட்டைகள் கிடக்கும். அக்கா அதைப் பொறுக்கி வந்து குட்டியிடம் கொடுப்பாள். குட்டி அதை எங்கள் வீட்டுப் பால்கனிக் கண்ணாடிக் கதவில் ஒட்டுவாள். மீன், நட்சத்திரம், வாத்து, தொப்பி போட்ட நிலா. நாளெல்லாம் ஊரார் வீட்டு ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு வருகிறவள், தன் வீட்டுக் கதவில் அது ஒட்டுவதைப் பார்த்து, "இங்க ஒண்ணு ஒட்டுடி, இங்க காலியா இருக்கு பாரு" என்று இடம் காட்டுவாள். "நல்லா இருக்குக்கா உங்க நியாயம்!" என்று நான் கத்துவேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். அந்தக் கதவுக்குக் கைப்பிடி கொஞ்சம் உயரம், குட்டிக்கு அதுவரைக்கும்தான் எட்டும், அதுவும் நுனிக்காலில் நின்றால். எல்லா ஸ்டிக்கரும் கைப்பிடிக்குக் கீழேதான் இருந்தன.

ஏழு வயதில் குட்டிக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஒரு வாரம்கூட இல்லை. அதற்குமேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியாது.

எல்லாம் முடிந்ததும் என் அம்மா வந்து என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். ஒரு மாதத்துக்கு மேல் அங்கே கிடந்தேன். திரும்பி வந்தபோது செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பால்கனிக் கதவுக்குப் போனேன். குட்டியின் துணிகளை அம்மா எங்கோ கொடுத்துவிட்டாள் என்று தெரியும், பரவாயில்லை. கதவு இருக்கிறதே, அவள் கை பட்டு ஒட்டியவை இருக்கின்றனவே என்று அந்த ஒரு மாதமும் அதை நினைத்துத்தான் நான் எழுந்து பல் துலக்கினேன்.

கதவு காலியாக இருந்தது. தெருவிலிருக்கும் மின்கம்பம், எதிர்வீட்டுத் துணிக்கொடி, எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

"எங்கக்கா? எல்லாம் எங்க?" என்றேன்.

அக்கா அடுப்படி வாசலில் நின்றாள். "எடுத்துட்டேன்டி. நீ வந்து பாத்தா தாங்க மாட்டியேன்னு..."

"எடுத்துட்டியா?"

"ஆள் போன வீட்டுல முதல்ல கண்ணாடியத்தான்டி தொடைப்போம். வர்றவங்க மனசு கலங்கக் கூடாதுன்னு. எனக்குத் தெரிஞ்சது அதுதான். அதான் செஞ்சேன்."

"காலி பண்ணிட்டுப் போன வாடகைக்காரியா அவ உனக்கு? உன் தொழிலை என் பிள்ளைகிட்டயா காட்டுவ? எங்க போட்ட? குடு!"

"எண்ணெயில ஊறிக் கிழிஞ்சு போச்சு. குப்பையில போட்டுட்டேன்."

அதுவரை நான் அவளை 'நீ' என்று பேசியதே இல்லை. அன்றைக்கு என் வாயில் வராதது ஒன்றும் பாக்கி இல்லை. பெற்றவளுக்குத்தான் தெரியும், உனக்கு என்ன தெரியும் என்றுகூடச் சொன்னேன். அவள் முகம் என்னவோபோல் ஆனது.  முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து நான் அவளோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவள் சமைத்து முடித்து வெளியே வந்த பிறகு நான் உள்ளே போவேன்.

ஆனால் அவளுடைய பரீட்சை எனக்குத் தெரியுமே! வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கதவின் முன்னால் மண்டிபோட்டு "ஹா" என்று ஊதினேன். மேலே, கீழே, ஒரு சாண் விடாமல் ஊதினேன். மீன் இருந்த இடத்தில் நாலு தடவை ஊதினேன். வெறும் வெள்ளைப் புகை. பாவி, சொந்த வீட்டிலும் சுத்தமாகத்தான் வேலை செய்திருந்தாள். தினமும் கடைக்குப் போகும்முன் ஊதுவேன், வந்ததும் ஊதுவேன். தலை கிறுகிறுத்து அப்படியே உட்கார்ந்து அழுவேன்.

மழைக்காலம் வந்தது. கடைக்கு விடுமுறையான ஒரு நாள் காலையில் குளிக்க வெந்நீர் வைத்திருந்தேன். கொதித்த பாத்திரத்தை இறக்கி, கதவுக்குப் பக்கத்தில் முக்காலியில் வைத்துவிட்டுத் துண்டை எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அதன் நடுவில் ஒரு மீன்.

கைப்பிடிக்குக் கீழே, இடது பக்கம், அதே இடம், அதே வாலைத் தூக்கிய மீன். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் உருவம்தான்.  நான் அங்கே எத்தனை தடவை ஊதியிருக்கிறேன்! ஒன்றுமே இல்லாத இடம் அது. மண்டிபோட்டு, அது மறையும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். "குட்டி" என்று கூப்பிட்டேன். மீனின் வாயிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கிக் கீழே ஓடியது.

என் கணவரிடம் சொன்னேன். "பசை கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும், அதான் தெரியுது" என்றார்.

"உங்க அண்ணி மிச்சம் வைக்கிற ஆளா?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் நட்சத்திரம் வந்தது. அப்புறம் வாத்து. பிறகு தொப்பி போட்ட நிலா. காலையில் ஒரு பாத்திரம், சாயங்காலம் ஒரு பாத்திரம் என்று தண்ணீர் கொதிக்கவைத்து முக்காலியில் வைத்துவிட்டு எதிரில் உட்காருவேன். சில நாள் கோடு மங்கலாக இருக்கும். இன்றைக்கு அவளுக்குக் கோபம் என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு நாள் கழித்துப் பளிச்சென்று வந்து நிற்பாள். நான் கடையில் நடந்ததை எல்லாம் அவளிடம் சொல்வேன். இருமல் மருந்து கேட்டு வந்தவர், சில்லறை இல்லாமல் சண்டை போட்டவர், எல்லாம். "இங்க என்ன ஹோட்டலா நடக்குது? கேஸ் ரெண்டு வாரம்கூட வரல" என்று மூத்தார் முணுமுணுத்தார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். அது எனக்கு அன்று விளங்கவில்லை.

பயமாக இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. தனியாக இருக்கும் மத்தியானத்தில் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி இருக்கிறது என்ற நினைப்பே கழுத்தில் சில்லென்று ஏறும். ஆனால் வராமல் போய்விடுவாளோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கடையில் நிற்கும்போதெல்லாம் கண்ணாடியில் யாராவது கை வைத்துவிடுவார்களோ என்ற நினைப்பில் பில்லைத் தப்புத் தப்பாகப் போடுவேன்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு நாள் ஆவி படிந்தபோது, கைப்பிடிக்கு மேலே ஒரு மீன் இருந்தது.

அந்த இடத்தில் குட்டி ஒட்டியதே கிடையாது. அவளுக்கு அது எட்டாது. நான் எழுந்து நின்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஒரு சாண் மேலே. நினைவு எப்போதும் விட்ட இடத்திலேயே நிற்கும். பசை இருந்த இடத்தில்தான் இருக்கும். மேலே போகுமா? எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. என் பெண் வளர்ந்திருக்கிறாள். நுனிக்காலில் நிற்காமலே இப்போது கைப்பிடி எட்டுகிறது அவளுக்கு. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் என் குரல் எனக்கே கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் என் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். அவர் போய் ஒரு வீடும் பார்த்துவிட்டு வந்தார்.

"நீங்க போங்க. நான் வரல" என்றேன்.

"தனியா இங்க என்ன பண்ணப் போற?"

"தனியா இல்ல. குட்டி இருக்கா. அவளை விட்டுட்டு எப்படி வருவேன்?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.  "எனக்கும் அவ பொண்ணுதான்" என்றார். "அவளும் போயிட்டா. கண் முன்னால நீயும் போயிட்டு இருக்க. இதுக்கு மேல என்னால பாக்க முடியாது. மாசக் கடைசியில வண்டி வரும். ஏறினா ஏறு. இல்லன்னா அப்புறம் நான் கூப்பிட மாட்டேன்." அவர் அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். சொன்னதைச் செய்வார் என்று எனக்குத் தெரியும். இருந்தும் என் மனம் கொஞ்சமும் அசையவில்லை. வேண்டுமானால் அவர் போகட்டும், வளர்கிற பிள்ளையை நடுவில் விட்டுவிட்டு எந்தத் தாய் போவாள்?

இதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவுக்குக் கேட்டிருக்கும். எங்கள் வீட்டுச் சுவர் அப்படி.

இரண்டு நாள் கழித்து, கடையிலிருந்து வரும் வழியில் ஒரு கவுன் வாங்கினேன். ஒன்பது வயதுக்கான அளவு. மஞ்சள் நிறம், முழங்கால் வரை வரும். அவள் பார்க்கட்டும் என்று பால்கனிக் கதவின் கைப்பிடியில் மாட்டினேன். தண்ணீர் கொதிக்கவைக்கலாம் என்று திரும்பினால் அக்கா வேலை முடிந்து உள்ளே வந்துகொண்டிருந்தாள். கவுனைப் பார்த்தாள். தோளிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. டிரையர் உடைந்த சத்தம் கேட்டது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இது யாருக்குடி?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. எனக்கு அன்று மனம் நிறைந்திருந்தது, அதனால் பதில் சொன்னேன். "குட்டிக்கு. பழைய அளவெல்லாம் இனிமே பத்தாது. வளந்துட்டா. நீ பாக்கலையா?"

அக்கா அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்:

"அது அவ இல்லடி. நான்."

எனக்குப் புரியவில்லை. அவள் பையை இழுத்து, துணிகளுக்கு அடியிலிருந்து, அதே வாலைத் தூக்கிய மீன் போட்ட ஒரு ஸ்டிக்கர் அட்டையை எடுத்தாள். எழுந்து கதவுக்கு வந்து, ஒரு மீனை உரித்துக் கண்ணாடியில் ஒட்டினாள். கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தாள். கொஞ்சம் பொறுத்து, மூலையைத் தூக்கி உரித்து எடுத்தாள். கண்ணாடி சுத்தமாக இருந்தது. வாயைப் பக்கத்தில் கொண்டுபோய் "ஹா" என்று ஊதினாள். மீன் எழுந்து நின்றது.

நான் அவளை அடித்தேன். தோளில், முதுகில், கை போன இடத்திலெல்லாம் அடித்தேன். "கொலைகாரி! ரெண்டு தடவை கொன்னுட்டியேடி!" என்று கத்தினேன். அவள் தடுக்கவில்லை. நான் களைத்துப்போய்க் கீழே உட்காரும்வரை நின்றாள். அப்புறம் எனக்கு எதிரில் அவளும் உட்கார்ந்தாள்.

"ஏன்? ஏன் பண்ணின?"

"தினம் இந்தக் கண்ணாடியில வாயை வச்சு ஊதி ஊதிப் பாப்பியே. ஒண்ணும் இல்லாம, பொத்துன்னு உக்காருவியே. யாரும் இல்லன்னு நினைச்சுப்ப. நான் அடுப்படியில நின்னு பாத்துட்டுதான் இருந்தேன். இத்தனை வருஷம் எத்தனை வீட்டுல எடுத்திருக்கேன். ஒரு வீட்டுலயாவது கொஞ்சம் விட்டுட்டு வரத் தெரியலையே எனக்கு. என் கையை நானே வெட்டிக்கலாம்னு இருந்துச்சு. அப்பதான் ஒரு நாள் ராத்திரி நீ தூங்கினதும் அந்த மீனை... ஒண்ணே ஒண்ணு, அதோட நிறுத்திடணும்னுதான் பண்ணினேன். மறுநாள் நீ ரெண்டு வாய் சோறு கூடச் சாப்பிட்ட."

"மங்கினா திரும்ப ஒட்டுவியா?"

"ஆமா."

"மேல ஏன்டி ஒட்டின? அவளுக்கு எட்டாத இடத்துல? நான் என்னென்னவோ நினைச்சேனே! என்னைப் பைத்தியமாக்கவா?"

அக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"பிள்ளைங்க இருந்த வீட்டுக் கண்ணாடியை நீ பாத்ததில்ல. முதல்ல முழங்கால் உயரத்துல ஒட்டியிருக்கும். அப்புறம் இடுப்பு. அப்புறம் நெஞ்சு. வருஷம் ஆக ஆக மேல மேல போகும். நான் கீழேருந்து எடுத்துட்டே போவேன். அன்னிக்கு ஒரு வீட்டுல அப்படி எடுத்துட்டு வந்தேன். வந்து இங்க ஒட்ட உக்காந்தா, நம்ம குட்டிது மட்டும் அங்கேயே நிக்குது. எல்லார் வீட்டுப் பிள்ளையும் வளருது. என் பிள்ளை மட்டும்..." அவள் நிறுத்தினாள். "உனக்காக ஒட்டலடி அதை. நீ சொன்னியே, உனக்கு என்ன தெரியும்னு. எனக்கும் அவ வளரணும்னு இருந்துச்சு."

நான் அவளையே பார்த்தேன். நரை விழுந்த தலை, எண்ணெய் படிந்த நகம், நான் அடித்ததில் சிவந்த தோள். ஒரு வருஷமாக இந்த வீட்டில் பெண்ணைப் பறிகொடுத்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அழுவதை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அழ அவளுக்கு இடம் எங்கே விட்டேன்?

"இப்ப ஏன் சொன்ன?" என்றேன். "சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல. நான் இங்கயே உன்கூட இருந்திருப்பேன்."

"அதான். நீ இருந்திருப்ப. எனக்கு அது நல்லாதான் இருந்திருக்கும். இவர் பாதி நாள் லாரியில போயிடறார், வீட்டுல நான் மட்டும்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா கவுன் வாங்கிட்டு வந்துட்டியேடி. நாளைக்கு ஸ்கூல் பை வாங்குவ. நான் ஒட்ட ஒட்ட நீ வாங்கிட்டே இருப்ப. போடி. அவன்கூடப் போ. காலம் பூரா என்கூடப் பேச வேண்டாம், திட்டிட்டே இரு. ஆனா போ."

நான் எழுந்தேன். "எடு. இப்பவே எல்லாத்தையும் எடு" என்றேன்.

அவள் துணியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு கதவின் முன்னால் போய் நின்றாள். கை கண்ணாடிவரை போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது.  எத்தனையோ வீட்டில் எத்தனையோ பிள்ளைகளின் ஒட்டுகளை எடுத்த கை. குட்டி போனபோது ஒரே நாளில் இந்தக் கதவைத் துடைத்து முடித்த கை. இப்போது அதனால் முடியவில்லை. "ஒரு தடவைதான்டி முடிஞ்சுது" என்றாள்.

நான் துணியை அவள் கையிலிருந்து வாங்கினேன். கைப்பிடிக்கு மேலே இருந்த மீனில் ஆரம்பித்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, விரலுக்குத்தான் லேசாகப் பிசுபிசுவென்று தட்டுப்படும். எண்ணெய் தடவினேன். என் பக்கத்தில் நின்றுகொண்டு, அழுகையோடு அழுகையாக, "ஊறட்டும், அவசரப்படாத" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அது ஊறும்வரை காத்துக்கொண்டு நின்றோம். வாத்தைத் துடைக்கும்போது அவள் பால்கனிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நிலாவைத் துடைக்கும்போது என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, கையால் தடவித் தடவித்தான் துடைத்தேன். ஸ்பிரிட் போட்டு முடித்ததும் ஊதிப் பார்க்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நானும் ஊதவில்லை.

மாதக் கடைசியில் வண்டி வந்தது, ஏறினேன்.

புது ஊரில் எனக்கு வேறொரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. என் கணவர் பழையபடி சாப்பாட்டுக்குக் குறை சொல்ல ஆரம்பித்தார், அதிலிருந்து நாங்கள் தேறிவிட்டோம் என்று தெரிந்துகொண்டேன். அக்கா வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வருவாள். வந்த உடனே என் வீட்டு ஜன்னலை ஒரு பார்வை பார்ப்பாள். "என்னடி இது, ஓரமெல்லாம் அழுக்கு" என்பாள். "வந்துட்டாங்க மேலதிகாரி!" என்று நானும் விடமாட்டேன். வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே இருவரும் காய் நறுக்குவோம். குட்டியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் இருவரில் ஒருத்தி எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

போன தடவை வந்தபோது அவளுக்கு மூட்டுவலி. வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருக்கிறாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பி, வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். என்ன தோன்றியதோ தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"இப்ப எவ்வளவு உயரம் இருப்பாக்கா?"

யாரைக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. யோசிக்கவும் இல்லை. கையைத் தூக்கி, தன் பக்கத்தில் வெறும் காற்றில், காது வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அவ்வளவா?" என்றேன்.

"பின்ன? உன்னை மாதிரி குட்டைன்னு நினைச்சியா? அப்பா வாட்டம்டி அவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. பஸ் போயிருக்கும். அவள் கையை இறக்கவில்லை, நானும் இறக்கச் சொல்லவில்லை.